முன்னால் ஒரு ஒன்று

'யாருக்கும் கெடுதல் இல்லை' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே, 28,000-க்கு முன்னால் ஒரு ஒன்றைச் சேர்த்தாள் சத்யா. 1,28,000 ஆகிவிட்டது. இவ்வளவு சுலபமாகப் பொய் எழுத வரும் என்று அவளே நினைக்கவில்லை.

காய்ச்சலோடு வந்திருந்த சொர்ணத்தின் பிளேட்லெட் எண்ணிக்கை அது. திருக்கோகர்ணத்தில் டாக்டர் வெற்றிசெல்வனின் ஆஸ்பத்திரி லேப்புக்கு ரத்த அணுக்களை எண்ணும் புது மெஷின் வந்து இன்றோடு ஐந்து நாள். அதை ஓட்டத் திருச்சியில் ஒரு வாரம் பயிற்சி எடுத்து வந்தவள் சத்யா.

ஐந்து நாளும் ஒரே ரத்தத்தை மெஷினும் பார்க்கவேண்டும், இருபத்தாறு வருஷமாக மைக்ராஸ்கோப்பில் எண்ணும் உதயசூரியனும் பார்க்கவேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் மெஷின் தங்கும், உதயசூரியன் வீட்டுக்குப் போவார். ஒரு எண் பெரிதாக இடித்தாலும் மெஷினைத் திருப்பி அனுப்பிவிடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

சத்யாவுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே உதயசூரியன்தான். அவர் மகள் இலக்கியா நர்சிங் இரண்டாம் வருஷம். பயிற்சிக்குப் போய் வந்து அவர் வயிற்றிலேயே அடிக்கிறோமே என்று சத்யாவுக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

கடைசி நாள் துணிந்துவிட்டாள். திரையில் வருவதைப் பார்த்து ஷீட்டில் எழுதுவது அவள்தானே? பேஷன்ட் விஷயத்தில் டாக்டர் நம்புவது உதயசூரியன் எண்ணிய ரிப்போர்ட்டை மட்டும்தான். அவர் இருபத்தெட்டாயிரம் என்று எழுதுவார், அவ்வளவு குறைந்தால் ஆபத்து என்று சொர்ணத்தை அட்மிட் பண்ணிவிடுவார்கள்.

"நீ போயி டீ குடிச்சுட்டு வா சத்யா. ஷீட்டு இங்கிட்டே கெடக்கட்டும்," என்றார் உதயசூரியன்.

"நீங்க வரலையாண்ணே?"

"எனக்கு எண்ண வேண்டியது கெடக்குல்ல."

அவர் மேசையில் புது ஸ்லைடு பெட்டி முதல் நாள் வைத்தபடியே பிரிக்காமல் இருந்தது. வேலை போகப்போகிற நேரத்திலும் பழசையே கழுவிக் கழுவிச் சிக்கனம் பிடிக்கிறாரே மனுஷன் என்று அவளுக்கு இன்னும் பாவமாக இருந்தது.

மத்தியானம் டாக்டர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். சத்யா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"அஞ்சு நாளும் அருமையா ஒத்துப்போகுது. சொர்ணத்துக்கு மெஷின் ஒண்ணு இருபத்தெட்டு, உதயசூரியன் ஒண்ணு முப்பது. பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லி அந்தம்மாவ அப்பவே ஆலங்குடி பஸ்ஸுக்கு அனுப்பிட்டேன்."

சத்யாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறு நிமிடமே மூச்சு வந்தது. உதயசூரியன் கண்ணால் எண்ணி ஒண்ணு முப்பது என்றால் அதுதான் சரி. மெஷின்தான் தப்பாகக் காட்டியிருக்கிறது. நல்லவேளை, சொர்ணத்துக்கு ஒன்றுமில்லை.

வெளியே வந்ததும் உதயசூரியன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப் பைக்குள் வைத்தார். அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

"அண்ணே, என்னாலதான ஒங்க வேலை போகுது..."

"நீ என்ன பண்ணுவ? தப்பு எம்மேலதான் ஆத்தா." அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு மாசமாவே கண்ணு மசமசங்குது. தப்பா எண்ணி யாரு உசுருக்காவது ஆபத்தாயிருமோன்னு பயந்துட்டேன்."

"அப்ப அந்த ஒண்ணு முப்பது?"

"அஞ்சு நாளா ஒன் ஷீட்டப் பாத்துத்தான் எழுதுறேன்."