துப்பாத ஒரு வாய்

"இது தனியா பேர் போட்டு விக்கிற சரக்கில்ல சிதோனி. பொதுத் தொட்டியில ஊத்திடு" என்று கத்துகிறார் கூட்டுறவு ஒயின் சங்கத் தலைவர் கிளோவிஸ்.

"ஊத்தமாட்டேன். என் திராட்சைக்கொடி, என் பேரு."

நிலவறையின் மஞ்சள் விளக்கில் அவளது சிவப்பு ஒயின் கறுத்த செர்ரியாய் மினுங்குகிறது. பக்கத்தில் கம்பு ரொட்டியும் உலர்ந்த மாட்டிறைச்சியும் தொடுவாரின்றிக் கிடக்கின்றன. காலையிலிருந்து முப்பது ஒயின்களைச் சுவைத்து, முப்பதையும் நடுவர் வழக்கப்படி ஒழுங்காக வாளியில் துப்பிய கிளோவிஸ், அவளதில் மறுபடி ஒரு வாய் எடுத்துச் சுழற்றுகிறார். சிதோனியின் கண் அவர் தொண்டையிலேயே நிற்கிறது.

"ஒரே புளிப்பு" என்கிறார்.

"துப்பலையே மாமா. முழுங்கிட்டீங்க."

மற்ற இரு நடுவர்களும் பென்சில் முனையை ஆராய்கிறார்கள். அவள் புட்டியை இடுப்பில் அணைத்தபடி அவசரமில்லாமல் படியேறுகிறாள்.

அடுத்த அறுவடைக்குள் சங்கத்தின் கை எட்டாத ரோன் ஆற்றின் எதிர்க்கரைக்கே குடிபோய்விட்டாள். கூடவே போய் அவளைக் கட்டிக்கொண்டவன் கிளோவிஸின் மூத்த மகன்.