கையில் போட்டுப் பார்த்தது

"அது நாங்க குடுத்தது இல்லையே" என்றாள் அக்கா.

மேக்கப்காரம்மா திரும்பவில்லை. மூடி உடைந்த பழைய டப்பாவிலிருந்து கிரீமை எடுத்துத் தங்கையின் கன்னத்தில் தடவிக்கொண்டிருந்தாள். பிரஷ்ஷின் கைப்பிடியில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

இன்னும் நாற்பது நிமிஷத்தில் தங்கை முதல் தடவையாக நேரலையில் செய்தி வாசிக்க வேண்டும். ஏழு பேரைத் தாண்டிக் கிடைத்த நாற்காலி. இன்றைக்குச் சொதப்பினால் அடுத்த ஆள் வெளியே காத்திருக்கிறாள்.

தங்கைக்குத் தொட்டால் தடிக்கும் தோல். அதற்காகத்தான் அக்கா மூன்று வாரமாகக் கடை கடையாக ஏறி இறங்கினாள். பொருளும் நல்லதாக இருக்க வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது. கடைசியில் ஒரு கடையில் பெரிய கம்பெனி செட் அமைந்தது. கிரீம், பவுடர், ஆறு பிரஷ். எல்லாம் சேர்த்துப் பாதி விலை. நேற்றுச் சாயங்காலமே கொண்டுவந்து இந்த அறையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

"கையில போட்டுப் பாத்தீங்களாம்மா?" என்று மேக்கப்காரம்மா அப்போதே கேட்டாள்.

"பாக்காம இருப்பேனா? ஒரு நாள் பூரா போட்டு வெச்சிருந்து பாத்துட்டுத்தான் கொண்டு வந்தேன்" என்று சொல்லிவைத்தாள் அக்கா.

இப்போது அந்தச் செட்டைக் காணோம்.

"நாங்க குடுத்தது எங்கே?"

"அலமாரியில இருக்கும்மா."

"அலமாரிக்கு மேக்கப் போடவா வாங்கிட்டு வந்தேன்?"

"இது எனக்குக் கை பழகினது. பாப்பா முகத்துக்கு நல்லா எடுக்கும்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வேலைக்கோட்டின் ஒரு கை முழங்கை வரை சுருட்டியிருந்தது. இன்னொன்று மணிக்கட்டு வரை இறங்கிப் பொத்தான் போட்டிருந்தது. போட்டிருக்கிற கோட்டிலேயே ஒரு ஒழுங்கில்லை.

"விடுக்கா. எனக்கு ஏற்கெனவே பயமா இருக்கு" என்றாள் தங்கை. தலைப்புச் செய்தித் தாள் அவள் மடியில் படபடத்தது.

அக்கா விடவில்லை. நடைவழியில் போய்க்கொண்டிருந்த செய்திப் பொறுப்பாளரைக் கையோடு அழைத்து வந்தாள்.

"புதுச் செட்டை அமுக்கிட்டு, எவ எவளுக்கோ போட்ட பிரஷ்ஷை எந்தங்கச்சிக்குப் போடறாங்க சார். முகம் தடிச்சா யார் பதில் சொல்றது?"

"என்னம்மா இது? எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?" என்றார் அவர்.

மேக்கப்காரம்மா கண்ணாடியில் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் மடியில் நடுங்கிய தாளைப் பார்த்தாள்.

"தப்புதான் சார். முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடறேன்."

"முடிஞ்சதும் என்னை வந்து பாருங்க. நாளையிலிருந்து உங்களை வெச்சுக்கறதா வேண்டாமான்னு யோசிக்கணும்."

செய்தி ஓடிய அரை மணி நேரமும் அக்கா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றாள். சுட்டெரிக்கும் விளக்குகள். கன்னத்தில் சிவப்பு தெரிகிறதா, கழுத்தில் தெரிகிறதா? தங்கையின் கை ஒருமுறை மேலே எழுந்தது. அக்கா கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டாள். அந்தக் கை தாளைத்தான் புரட்டியது.

தங்கை வணக்கம் சொல்லி முடித்தபோது முகம் துடைத்து வைத்தது போல் இருந்தது.

அக்கா மேக்கப் அறைக்குத் திரும்பினாள். பழசையே போட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. மேக்கப்காரம்மா செட்டைப் பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தாள்.

"கடைக்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்துடுங்கம்மா. மேலதான் பெரிய கம்பெனி பேரு. உள்ள இருக்கறது வேற என்னமோ."

"யார் சொன்னது?"

மேக்கப்காரம்மா இறங்கியிருந்த கையின் பொத்தானைக் கழற்றி மேலே சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்து தடித்து, அங்கங்கே நீர் கோத்திருந்தது.

"புதுசா எது வந்தாலும் முதல்ல என் கையிலதான் போட்டுப் பாப்பேன். நேத்து போட்டேன், காலையில இப்படி."

அக்கா பையை வாங்கிக்கொண்டாள். "இதை... அப்பவே சொல்லியிருக்கலாமே."

"பாப்பா காதுல விழவா? செய்தியை விட்டுட்டு முகத்தைத் தடவிக்கிட்டே இருந்திருக்கும். தவிர, நீங்க ஆசையா வாங்கினது."

அவள் கோட்டுக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டாள். பொறுப்பாளர் அறைப்பக்கம் இரண்டடி வைத்தவள் நின்றாள்.

"நானும் ஒரு மடச்சி, கேக்க மறந்துட்டேன் பாருங்க. நீங்க ஒரு நாள் பூரா போட்டிருந்ததா சொன்னீங்களே. உங்க கை இப்ப எப்படிம்மா இருக்கு?"

அப்பழுக்கில்லாத தன் கையை அக்கா பைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.