வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரன்

முனவ்வறாவின் ஆள் ஏசிக்கொண்டிருந்தவன், பாதி வசனத்தில் நின்றுபோனான்.

வேலிக்கு இந்தப் பக்கம் றுகையா தன்னுடைய ரேடியோவின் பொத்தானில் விரலை வைத்தபடி காத்திருந்தாள். அவளுடைய ஆள் பதில் சொல்ல ஆயத்தம். ஆனால், எதிராளி சொல்லி முடிக்க முதல் இடையில் புகுவது முறையில்லை.

ஆள் என்றால் ரேடியோவில் போடுகிற பாட்டுக் கெசட்டில் இருக்கிற ஆள். அமெரிக்காக்காரன். பாட மாட்டான்; தாளத்துக்கு மேல் ஏறி நின்றுகொண்டு மளமளவென்று கதைப்பான்.

அதற்கு ராப் என்று பெயர். குவைத்தில் ஐந்து வருஷம் றுகையா சமைத்துப்போட்ட வீட்டின் மூத்த மகள், வாப்பாவுக்குப் பயந்து, குசினிக்குள் ஒளிந்திருந்துதான் ராப் கேட்பாள். றுகையா வெங்காயம் உரித்தபடி கேட்டாள். முதல் மாதம் தலையிடி. இரண்டாம் மாதம் கால் தானாக ஆடியது. மற்றப் பெண்கள் கம்பளியும் தைலமும் கட்டிக்கொண்டு ஊருக்கு வர, அவளுடைய பெட்டியில் ஏழு கெசட் வந்தது.

அந்த ஏழு கெசட்டைப் பற்றியும் அவளுக்கு அபிப்பிராயம் உண்டு. நாய் குரைப்போடு தொடங்குவது தேங்காய் துருவ நல்லது. ஒரு பெண்பிள்ளை கதைக்கிறது அரிசி புடைக்க. சிவப்பு உறைக்காரனின் முதல் பக்கம் சோக்கு, மறுபக்கம் வெறும் அலட்டல்.

எல்லாவற்றுக்கும் மேலே அவளுடைய ஆள். கோபம் வந்தால் அவன் கத்த மாட்டான், குரலை இறக்குவான். அவன் இறக்க இறக்கக் கேட்கிறவளுக்கு அடிவயிறு குளிரும்.

குவைத் டீவியில் அவனுடைய வீடியோவையும் பார்த்திருக்கிறாள். நாற்பது பேர் வெள்ளை வெளேரென்று உடுத்து, நடுறோட்டில் நின்று கையை வீசுவார்கள். ஒரு பொட்டுக் கறை இல்லை. இதையெல்லாம் தோய்க்கிறவள் எவளோ, அவளுக்கு அல்லாஹ் கூலி கொடுக்கட்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வாள்.

அவள் குவைத்தில் இருந்தபோதுதான் தங்கச்சி முனவ்வறா வேலி அடைத்தாள். உம்மா இரண்டு பேருக்கும் கொடுத்த ஒரே வளவு. அடைத்த வேலியில் முருங்கை மரம் தங்கச்சியின் பக்கம் போய்விட்டது. றுகையா வந்து இறங்கிய அன்று வாய்த்தர்க்கம் வந்தது. அதோடு இரண்டு பேருக்கும் கதைபேச்சு நின்றது. மூன்று வருஷம்.

ஒரு நாள் அந்தப் பக்கம் முருங்கைக்காய் பறிக்கிற சத்தம் கேட்டு, பொறுக்க முடியாமல், தன் ஆளை உச்சத்தில் திறந்துவிட்டாள் றுகையா.

அடுத்த நாள் வேலிக்கு அப்பாலிருந்து வேறொருவன் பதில் சொன்னான். முனவ்வறாவும் டுபாயில் இருந்து வந்தவள்தானே.

அன்றிலிருந்து லுஹர் தொழுகை முடிந்ததும் இரண்டு ஆட்களும் ஏசத் தொடங்கிவிடுவார்கள். அசர் பாங்கு சொன்னால் இரண்டு பக்கமும் நிற்கும். மெயின் றோட்டால் ஆமிக்காரர்களின் ட்ரக் போனால் இரண்டு பக்கமும் சத்தம் கூடும். அக்காவுக்கும் இங்கிலீஷ் தெரியாது, தங்கச்சிக்கும் தெரியாது. என்றாலும் கதை முருங்கை மரத்தைப் பற்றித்தான் போகிறது என்பதில் றுகையாவுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

வயலால் வந்து சோற்றுக்கு உட்காரும் அவளுடைய புருஷன் பளீல், கை கழுவ முதலே கேட்பான். “இண்டைக்கு ஆரு புள்ள வெண்டது?”

வெல்வது றுகையாவின் ஆள்தான். தங்கச்சியின் ஆளுக்கு எந்நாளும் மூக்கடைப்பு. அவசரக்காரன். மூச்சு எடுக்கத் தெரியாதவன். அப்படியொருவனைத் தேடிப் பிடித்ததிலேயே அவளுடைய குணம் விளங்கவில்லையா?

அவன்தான் இன்றைக்குப் பாதியில் நின்றுபோனான்.

“பெட்டரி முடிஞ்சிருக்கும்,” என்றான் பளீல், வாயில் சோற்றோடு.

இல்லை. நாடா சிக்கிய சத்தம் றுகையாவின் காதுக்குத் தெரியும்.

வேலியில் ஒரு ஓலைக் கிடுகு விலகியது. வளையல் போட்ட கையொன்று வந்தது. கையில் கெசட், அதன் பெட்டி. கெசட்டிலிருந்து நாடா குடல் மாதிரித் தொங்கியது.

“ராத்தா, இத ஒருக்காப் பாருங்களன்.”

தங்கச்சி அவளை ராத்தா என்று கூப்பிட்டு மூன்று வருஷம். றுகையா கையைத் துடைத்துக்கொண்டு கெசட்டை வாங்கினாள். பென்சிலைத் துளையில் விட்டு மெல்லச் சுற்றினாள். முறுக்கு எடுத்தாள், சுருக்கம் நீவினாள். தங்கச்சிக்குப் பேன் பார்த்த காலத்தில்கூட அவளுடைய விரல் இவ்வளவு பக்குவமாகப் போனதில்லை.

சரிசெய்த கெசட்டைப் பெட்டிக்குள் வைக்கப் போகும்போதுதான் உறையில் இருந்த படத்தை றுகையா கண்டாள்.

அவளுடைய ஆள்.

தாடி இல்லை. உடம்பில் சதை இல்லை. இருபது வயதுகூட இராது. ஆனால் வீடியோவில் கண்ட அவனேதான்.

இருபது வயதில் ஆருக்குத்தான் மூச்சு எடுக்கத் தெரியும்?

எட்டிப் பார்த்த பளீல், “புள்ள, இது உன்ட...” என்று தொடங்கினான். றுகையா பார்த்த பார்வையில் மிச்சத்தைச் சோற்றோடு விழுங்கினான்.

வேலி ஓட்டையில் அந்தக் கை இன்னும் விரித்தபடி இருந்தது.

றுகையா உறையை உருவி மடித்துத் தன் சட்டைக்குள் செருகினாள். வெறும் பெட்டியில் கெசட்டைப் போட்டு அந்தக் கையில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

“உறை கிழிஞ்சு போய்ட்டு. உன்ட ஆள் பிழையில்ல. இன்னும் கொஞ்சம் சத்தம் கூட்டிப் போடு.”

“ஓம் ராத்தா.”

கிடுகு மூடிக்கொண்டது. விட்ட இடத்திலிருந்து அவன் ஏசத் தொடங்கினான். கடைசிச் சொல் வரைக்கும் றுகையா பொறுத்திருந்து கேட்டாள். பிறகு தன்னுடைய ரேடியோவின் பொத்தானை அமத்தினாள்.

அவன் தனக்குத்தானே பதில் சொல்லத் தொடங்கினான்.