பொசுங்கல் வாடை

டிரைவர் சீட்டுக்கடியில் கார்பெட்டைத் தூக்கியதும் அவன் கை நின்றது.

பேட்டரியிலிருந்து டிக்கிக்குப் போகும் சிவப்பு வயர் கறுத்துக் கிடந்தது. ஒரு சாண் நீளத்துக்குத் தோல் உருகி, கார்பெட்டின் அடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்தான். கார்பெட்டில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

பீடி நெருப்பு விழுந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

அவனுடைய கார் ஸ்டீரியோ கடையின் வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலில் கோகிலவாணி அக்கா உட்கார்ந்திருந்தார். பாட்டு விட்டு விட்டு வருகிறது என்று அவரே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். வந்ததிலிருந்து டிரைவர் மாரப்பன் புராணம்தான்.

"அந்த ஓட்டையப் பாத்தீங்களா தம்பி? எல்லாம் மாரப்பன் கைங்கரியம். ஆறு வருசமா ஓட்டுன மனுசன். வண்டிக்குள்ள ஒரே பொசுங்கல் வாடை. கேட்டா, பீடியத் தொட்டு ரண்டு வருசமாச்சும்மான்னு பேத்தி தலைமேல சத்தியம் பண்றாரு. குடிச்சதக்கூட உட்டுருவேன். பொய்ச் சத்தியத்தப் பொறுத்துக்க முடியுங்களா? இனி வர வேண்டாம்னுட்டேன். ஒரு மாசமாச்சு."

அவன் தலையைச் சீட்டுக்கடியிலேயே வைத்துக்கொண்டான்.

நிமிர்ந்தால் முகத்தைப் பார்ப்பார்.

போன தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை இதே வண்டி வந்திருந்தது. அக்காவின் மகனுக்கு, வண்டி போனால் தெருவே அதிர வேண்டும். டிக்கியில் பெரிய ஆம்ப்ளிஃபயர், அதைவிடப் பெரிய ஸ்பீக்கர். அதற்குத் தடித்த வயர் வேண்டும். கடையில் தீர்ந்திருந்தது. இருந்த சன்ன வயரையே இழுத்துவிட்டான். சத்தத்தைக் கூட்டினால் ஃபியூஸ் போனது. மாற்றினான். போனது. மூன்றாவது முறையும் போனது. வாசலில் இன்னும் நாலு வண்டி காத்து நின்றது.

நாற்பது ஆம்பியரை எடுத்துவிட்டு எண்பதைச் சொருகினான்.

அப்புறம் போகவே இல்லை. எப்படிப் போகும்? வயர் பொசுங்கும் முன்னே தான் கருகி அதைக் காப்பாற்றுவதுதான் ஃபியூஸின் வேலை. அதன் வாயைக் கட்டிவிட்டு, முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டவன் அவன். தெரியாமல் செய்துவிட்டேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாமா? அதுவும் முடியாது. கடைத்தெருவில் பாதிப் பேர் தெரிந்தே செய்கிற வேலைதான். பெரிய ஃபியூஸைப் போட்டுவிட்டால் வண்டி திரும்பி வராது.

பெரிய சாமர்த்தியம்! தீப்பிடித்திருந்தால்?

தீப்பிடிக்கவில்லை. ஒரு மனுஷனின் பிழைப்புதான் போயிருக்கிறது.

மாரப்பனை அவனுக்குத் தெரியும். அன்றைக்கு வேலை முடியும்வரை வாசலிலேயே நின்றவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கால் அழுக்குப் படக்கூடாதென்று வண்டிக்குள் பேப்பர் விரித்துக் கொடுத்தவர்.

"என்ன தம்பி, கண்டுபுடிச்சாச்சா?"

"ஒரு வயரு லூசுங்க்கா. மாத்திட்டாச் சரியாயிருமுங்க."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சீ, என்று இருந்தது.

தடித்த செம்பு வயரை எடுத்தான். பேட்டரியிலிருந்து டிக்கிவரை புதிதாக இழுத்தான். எண்பது ஆம்பியர் ஃபியூஸை அப்படியே விட்டான். இந்த வயருக்கு அது சரிதான். தடித்த வயர் வந்துரும், நாளைக்கு வாங்க என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

பாட்டு கணீரென்று வந்தது. அக்காவுக்கு ஒரே சந்தோஷம்.

"கைராசிக்காரருங்க தம்பி நீங்க. அப்படியே எனக்கொரு டிரைவரும் பாத்துச் சொல்லுங்களே. இந்த வெயில்ல என்னால ஓட்ட முடியல. பீடி சிகரெட்டு தொடாத ஆளா இருக்கோணும். பொய் பேசக் கூடாது."

அவன் பாட்டை நிறுத்தினான்.

"மாரப்பண்ணன் பீடி குடிக்கலீங்க்கா. நான் போட்ட வயருதான் பொசுங்கிருக்குது. தப்பு எம்மேலதானுங்க."

கருகிய வயரை நீட்டினான்.

அக்கா அதை வாங்கவில்லை. திட்டுவார் என்று நின்றான். நாலு பேர் பார்க்கத் திட்டினால்கூட நன்றாக இருக்கும் போலிருந்தது.

"அவரு சொன்னாருங்க தம்பி," என்றார் மெதுவாக. "காலடியில சூடடிக்குது, வயரா இருக்கும், கடையில கேளுங்கம்மான்னு. நான் உங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். ஞாபகமிருக்குதா?"

இல்லை.

"நம்ம வேலையில அதெல்லாம் வராதுங்க்கா, டிரைவரு பீடி கீடி குடிச்சிருப்பாருன்னு சொன்னீங்க. சொல்லிப்போட்டுச் சிரிச்சீங்க."

இப்போது ஞாபகம் வந்தது. அந்தச் சிரிப்புதான் முதலில் வந்தது.

அக்கா பையிலிருந்து போனை எடுத்தார். பெயரைத் தேடினார். அழுத்திவிட்டு, தன் காதில் வைக்காமல் அவன் பக்கம் நீட்டினார். அவராலும் பேச முடியாது.

வாங்கிக் காதில் வைத்தான். என்னவென்று ஆரம்பிப்பது?

இரண்டாவது மணிக்கே எடுத்துவிட்டார் மாரப்பன்.

"அம்மா! சொல்லுங்கம்மா. வண்டி எடுக்கோணுங்களா? இதா, சட்டையப் போட்டுட்டு வந்தர்றேனுங்க."