கோழிக்கறி வழக்கு

“கள்ளன் இடக்கைக்காரன்!” என்று ஜெர்மனில் கத்தினான் முன்வரிசை மார்க்கோ.

மேசையில் ஒரு கண்ணாடிக் குவளை. குகதாசன் அதன்மேல் கரித்தூளைத் தூவித் தூரிகையால் மெல்லத் தட்டியதும், ஒருபக்கம் பெருவிரலும் மறுபக்கம் நாலு விரலுமாக ஓர் இடக்கை பளிச்சென்று தெரிந்தது. வகுப்பே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

குகதாசன் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தவர். எண்பத்தொன்பதில் சுவிஸுக்கு வந்து, கூர் நகரத்து உயர்பள்ளி ஒன்றின் ஆய்வுகூடத்தில் ஏழு வருடமாகச் சோதனைக்குழாய் கழுவுகிறார். இந்த வாரம்தான் ‘தடய அறிவியல்’ என்று ஒரு சிறப்பு வகுப்பு எடுக்க விட்டிருந்தார்கள். ஒழுங்காக நடந்தால் ஓகஸ்டிலிருந்து ஆசிரியர் வேலை. பிசகினால் பழையபடி சோதனைக்குழாய்தான்.

முடிவு சொல்லப்போகிற ரெக்டர் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கே பெரியவர். போன மாதம் குகதாசன் மகளின் பிறந்தநாளுக்கு வந்து, வயிறு முட்டச் சாப்பிட்டுச் சிரித்துக் கதைத்துவிட்டுப் போன மனிதர்தான். இங்கே என்னடாவென்றால் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தார்.

வகுப்புக்காகப் பொய்க் குற்றம் ஒன்றைத்தான் குகதாசன் ஆயத்தம் செய்திருந்தார். மத்தியானம் பார்த்தால் மெய்க் குற்றமே வாய்த்துவிட்டது! ஆய்வுகூடத்துக்குப் பக்கத்துச் சிற்றறையில் அவர் வைத்திருந்த சாப்பாட்டுப் பெட்டி காலி. மனைவி வதனி விடிய எழும்பிச் செய்து தந்த புட்டும் கோழிக்கறியும். பாவி, எலும்பைக்கூட விடாமல் சூப்பி வைத்திருந்தான்! பக்கத்தில் பாதித் தண்ணீரோடு இந்தக் குவளை. வயிறு காந்தினாலும் குகதாசனுக்கு உள்ளூரச் சந்தோசம். இதைவிட நல்ல பாடம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

‘தடயத்தில் வெறுங்கை வைக்காதே’ என்று கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்கியிருந்தார்.

“அந்த அறைச் சாவி உள்ளவர்களில் யார் இடக்கைக்காரர்?” என்று கேட்டாள் சாரா.

“பௌதிக ஆசிரியர்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒரே சிரிப்பு.

வகுப்பில் இருந்த ஒரேயொரு தமிழ்ப் பிள்ளை அனோஜா மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு மெல்ல அவரிடம் வந்தாள்.

“சேர், இது இடக்கைக்காரன் இல்லை.”

“பின்னை?”

“பெட்டியைப் பாருங்கோ. கறியை விரலாலை வழிச்சிருக்கு. வலக்கையாலை குழைச்சுச் சாப்பிடேக்கை, கறிக் கையாலை ஆராவது குவளையைத் தூக்குவினமோ? இடக்கையாலைதானே சேர் தூக்குவினம்!”

குகதாசனுக்குச் சுரீரென்றது. கெட்டிக்காரி!

“அப்ப ஆர் எண்டுறாய்?”

“எங்கட ஆக்கள்தான். இந்தப் பள்ளிக்கூடத்திலை நீங்கள், நான், வின்சன்ற் மாமா. மூண்டே பேர். நான் இல்லை.”

வின்சன்ற் அண்ணை! பள்ளிக்கூடம் துப்புரவாக்குகிற மன்னார்க்காரர். மூன்று பிள்ளைகளின் தகப்பன். அந்த அறைச் சாவி அவரிடமும் இருக்கிறது. அவருடைய விசாவே இந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. களவு என்று பேர் வந்தால் குடும்பத்தோடு பெட்டி கட்ட வேண்டியதுதான்.

“என்ன ரகசியம்?” என்றாள் சாரா. “எல்லோருடைய விரலடையாளத்தையும் எடுப்போம். துப்புரவுக்காரர் வெளியேதான் நிற்கிறார், அவரிலிருந்து தொடங்கலாம்!”

மார்க்கோ அதற்குள் கதவைத் திறந்துவிட்டான். வெளியே வின்சன்ற் அண்ணை ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி நிலம் துடைத்துக்கொண்டிருந்தார்.

‘கேட்டிருந்தால் நானே பாதி தந்திருப்பேனே, மனிசா!’ என்று குகதாசன் மனதுக்குள் திட்டினார். ஓகஸ்டில் கிடைக்கப்போகிற வேலை நினைவில் வந்து போனது. ‘இந்த முறை கட்டாயம் கிடைக்கும்’ என்று காலையில் சொல்லி அனுப்பிய வதனியின் முகமும் வந்து போனது.

“பொறுங்கள், இன்னொருமுறை பார்ப்போம்” என்று குவளையைத் தூக்கினார். வெறுங்கையால்.

சடார்!

குவளை நிலத்தில் விழுந்து தூள்தூளானது. மார்க்கோ கரும்பலகையைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

“மன்னியுங்கள், கை தவறிவிட்டது. தடயம் போனால் வழக்கும் போச்சு. இதுவும் ஒரு பாடம்தான்.”

“சேர், நீங்கள் வேணுமெண்டு…” என்று தொடங்கினாள் அனோஜா.

“பேசாமல் இரு பிள்ளை. அந்தத் தும்புத்தடியை எடு.”

மணி அடித்தது. பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள். குகதாசன் குனிந்து கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். ரெக்டரின் சப்பாத்துகள் பக்கத்தில் வந்து நின்றன. கேட்கப்போகிற ஏச்சை நினைத்து அவர் நிமிரவேயில்லை.

“ஓகஸ்டில் தொடங்குங்கள். வாரத்துக்கு எட்டு மணித்தியாலம்.”

குகதாசன் திடுக்கிட்டு எழும்பினார். “ஐயா, நான் தடயத்தை உடைத்துப்போட்டேனே…”

“அதற்காகத்தான் தருகிறேன். கண்டுபிடித்த பிறகும் ஒரு மனிதனின் மானத்தைக் காப்பாற்ற எல்லோருக்கும் மனம் வராது.”

ரெக்டர் கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, வகுப்பு தொடங்கியதிலிருந்து கோட்டுப் பைக்குள்ளேயே இருந்த வலது கையை முதன்முறையாக வெளியே எடுத்து நீட்டினார். ஐந்து விரல் நகமும் மஞ்சளாக இருந்தது.

“நாலுதரம் சவர்க்காரம் போட்டும் போகவில்லை” என்றார் வெட்கத்தோடு. “பிறந்தநாளன்று உங்கள் வீட்டில் சொல்லித் தந்த மாதிரியேதான் செய்தேன். குவளையில் அந்தக் கை படவே இல்லை!”