செவ்வாய்க்கிழமை வான்

செவ்வாய்க்கிழமை வந்தாலே பத்மாசனிக்கு வயிறு எரியும்.

ஓர்ஸ் ஹில் முதியோர் இல்லத்தில் பதினெட்டுப் பேர். ஆனால் ஆஸ்பத்திரி வான் வந்து ஏற்றிப்போவது சிவக்கொழுந்தை மட்டும்தான். அவளும் பவுடர் பூசி, முன் சீற்றில் மகாராணிபோல ஏறிப்போவாள். எதற்கென்று கேட்டால், “சும்மா ஒரு அலுவல்” என்பாள்.

பத்மாசனி விடமாட்டாள்.

“பிள்ளைகுட்டி இல்லாதவ, வானிலயாவது ஏறட்டும். போன வருசம் நான் காய்ச்சலில நினைவில்லாமல் கிடக்கேக்க, மகள் வத்சலா கொழும்பில இருந்து ஓடிவந்து மூண்டு நாள் என்ர கையைப் பிடிச்சபடி இருந்தவள். எனக்கு நினைவு தெளியமுதல் வேலைக்குப் போயிட்டாள். ஆனால் அந்தக் கை மறக்குமோ?”

“ஓம், குடுத்து வைச்சவ நீங்கள்” என்பாள் சிவக்கொழுந்து.

அந்தப் பணிவும் பத்மாசனிக்குப் பிடிக்காது.

ஒரு செவ்வாய் காலை பொறுப்பாளர் இராசநாயகத்திடம் போய் நின்றாள்.

“ஒவ்வொரு கிழமையும் அவதானோ? எனக்கென்ன கால் இல்லையோ?”

“அவ வேலைக்கெல்லோ போறா அம்மா.”

“நானும் செய்வன்!”

“அப்ப இண்டைக்கு நீங்கள் போங்கோ.”

முன் சீற்றில் ஏறியதும் வாசலில் நின்ற சிவக்கொழுந்தை ஒரு பார்வை பார்த்தாள். போதும், பிறந்த பலன் கிடைத்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாட்டில் நர்ஸ் ஸுல்பிகா ஒரு கட்டிலருகே கதிரையைப் போட்டு, கஞ்சிக் கோப்பையை நீட்டினாள்.

“இந்த மனுசிக்கு ஒருத்தருமில்லை. பருக்கி விடுங்கோ அம்மா.”

“நானோ?”

“அதுதானே எங்கட ஒழுங்கு? உங்கட இல்லத்து ஆக்களுக்கு வருத்தமெண்டால் நாங்கள் உடன கட்டில் தாறம். ஆளில்லாத நோயாளியளோட இருக்க நீங்கள் ஒரு ஆள் அனுப்புறனீங்கள்.”

இதற்கா அவ்வளவு பவுடர்!

ஸுல்பிகா அவளை உற்றுப் பார்த்தாள்.

“போன வருசம் இதே கட்டிலில ‘வத்சலா, வத்சலா’ எண்டு புலம்பினது நீங்களெல்லோ?”

“ஓம், என்ர மகள்! அவளை உங்களுக்குத் தெரியுமோ?”

“அவவை எங்க கண்டது? தந்தி அடிச்சும் வரேல்லையே. நீங்கள் கையை விடாமல் பிடிச்சிருக்க, மூண்டு நாளும் ‘ஓம் அம்மா, வத்சலாதான்’ எண்டு சொல்லிக்கொண்டிருந்தது சிவக்கொழுந்தம்மா.”

பத்மாசனி கோப்பையை வாங்கிக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

கட்டிலில் கிடந்தவள் கண் திறக்காமலே கையை நீட்டித் துழாவினாள்.

“பூமணி... வந்திட்டியோ?”

பத்மாசனி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்தாள்.

“ஓம் அம்மா, பூமணிதான்.”