ஒரே சஹனில் மூன்று கைகள்

ஞாயிறு மதிய வெயில் ஜன்னல் கம்பிகளினூடே பாயில் கோடு கோடாக விழுந்து கிடக்கிறது. பினாங்கிலிருந்து பேராதனைக்குப் படிக்க வந்திருக்கும் தேவசகாயத்துக்குக் கண் சொருகுகிறது. நேற்று தோழன் ஸக்கரியாவோடு சிரித்துச் சிரித்து ஏறிய ரிவர்ஸ்டன் மலை இன்று கெண்டைக்காலில் இறங்கியிருக்கிறது. அட்டை கடித்த இடமெல்லாம் அரிப்பு. ஸக்கரியா, அவன் வாப்பா ஜுனைதீன், இவன் என்று மூவரும் சேர்ந்து உண்ண நடுவில் ஒரே சஹன்; அந்தப் பெரிய தாம்பாளம் நிறைய நெய்ச்சோறு. வயிறு எப்போதோ நிறைந்துவிட்டது. ஆனால் பெரியவர் கையெடுக்குமுன் எழக்கூடாது என்பது இவன் வளர்ந்த விதம். விருந்தாளி கையெடுக்குமுன் எழக்கூடாது என்பது ஸக்கரியா வீட்டு வழக்கம். இவனுக்கு அது தெரியாது. "வெக்கப்படாம சாப்பிடுங்க மகன்," என்று ஜுனைதீன் பெருமூச்சோடு நாலு பருக்கையை வாயில் போடுகிறார். இவனும் நாலு பருக்கை. ஸக்கரியா சுவரில் சாய்ந்து, மென்றபடியே தூங்குகிறான். தெருவில் கண்டி பஸ் ஹார்ன் அடித்துவிட்டுப் போகிறது. ஒருவரும் எழவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து ஸக்கரியாவின் உம்மா சஹனை எட்டிப் பார்க்கிறாள். "பாவம், புள்ளைங்களுக்கு மல ஏறின பசி இன்னும் அடங்கல." திரை விலகுகிறது. வளையல் போட்ட கை, ஆவி பறக்கும் இன்னொரு சட்டிச் சோற்றைப் பாய் மேல் வைக்கிறது.